நெருப்பு மனிதர்கள்

சந்தையில் ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு விற்க நின்றார் ஃபான் ஜின். வயது 54. வீட்டில் அரிசி இல்லை, வயதான தாய் பசியோடு காத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, “நீ மாகாணத் தேர்வில் தேறிவிட்டாய்” என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்தபடி நடந்தார். வந்தவர் கோழியைப் பிடுங்கித் தரையில் வீசிவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார்.

வீட்டில் தொங்கிய அறிவிப்பை ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். கைகளைத் தட்டிச் சிரித்தார். அப்படியே பின்னால் சாய்ந்தார், பல் கிட்டிப்போனது. தாய் தண்ணீர் ஊற்றியதும் எழுந்தவர், மீண்டும் கைதட்டிச் சிரித்தபடி வாசலைத் தாண்டி ஓடி ஒரு குளத்தில் விழுந்தார். தலைவிரிகோலமாக, உடம்பெல்லாம் சேறாகச் சந்தையை நோக்கி ஓடினார். சிரிப்பு நிற்கவில்லை.

கூடியிருந்தவர்களில் ஒருவர் வழி சொன்னார். இவர் வாழ்நாளெல்லாம் யாரைக் கண்டு பயந்தாரோ, அந்த ஆள் வந்து ஓர் அறை விட வேண்டும். மாமனார் ஹூவைத் தேடிப் போனார்கள். அவர் இறைச்சி வெட்டுபவர். மருமகனை அதுவரை திட்டாத நாளில்லை. ஆனால், இப்போது தேர்வில் தேறியவர் வானத்து நட்சத்திரத்தின் அம்சமாயிற்றே, கை வைக்கலாமா என்று தயங்கினார். இரண்டு கிண்ணம் மது உள்ளே போன பிறகுதான் துணிவு வந்தது. கோயில் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த மருமகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. ஃபான் ஜின் மயங்கி விழுந்தார். தெளிந்தபோது புத்தி திரும்பியிருந்தது.

வு ஜிங்ஸி 18-ம் நூற்றாண்டில் எழுதிய ‘ரூலின் வைஷி’ நாவலில் வரும் காட்சி இது. சீன மாணவர்கள் பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறார்கள். தேர்வு முறையின் கொடுமையைச் சொல்லும் பகுதி என்றே பெரும்பாலும் அதைக் கற்பிக்கிறார்கள். ஆனால், சீன மருத்துவம் தெரிந்தவர் அதைப் படித்தால் ஒரு சிகிச்சைக் குறிப்பும் கண்ணில் படும். அளவு கடந்த மகிழ்ச்சி இதயத்தைத் தாக்கும், பயம் மகிழ்ச்சியை அடக்கும். மகிழ்ச்சி நெருப்புக்கு உரியது, பயம் நீருக்கு உரியது. நெருப்பை நீர் அணைத்தது. இறைச்சிக் கடைக்காரர் விட்ட அறைக்குப் பின்னால் ஏறத்தாழ 1,800 ஆண்டு மருத்துவக் கோட்பாடு நிற்கிறது.

மரமும் உலோகமும் ஏன்?

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சீனர்களின் ஐந்து சற்றே குழப்பம் தரும். அவர்களுடையது மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் அக்குபங்சர் பேசுபவர்கள் பலர் மரத்தை ஆகாயம் என்றும், உலோகத்தைக் காற்று என்றும் மாற்றி நம் ஐம்பூதத்தோடு பொருத்திவிடுகிறார்கள். கற்பிக்க அது வசதியாக இருக்கலாம். ஆனால், இரண்டும் வேறு வேறு சிந்தனைகள். ஐம்பூதம் உலகம் எதனால் ஆனது என்று சொல்கிறது. சீனர்களின் ‘வுஷிங்’ உலகம் எப்படி நகர்கிறது என்று சொல்கிறது. ‘ஷிங்’ என்ற சொல்லுக்கு நடை, இயக்கம் என்றே பொருள். மரம் எரிந்து நெருப்பாகிறது, நெருப்பு சாம்பலாகி மண்ணாகிறது, மண்ணிலிருந்து உலோகம் வருகிறது. ஒன்று இன்னொன்றைப் பெறுவதுபோல ஒன்று இன்னொன்றை அடக்கவும் செய்கிறது. நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸோ யான் என்ற சிந்தனையாளர் அரச வம்சங்களின் ஏற்ற இறக்கத்தையே இந்த ஐந்தைக் கொண்டு விளக்கினார். ஜோ வம்சம் நெருப்பு என்றால் அதை வீழ்த்தி வருவது நீர்தான் என்ற கணக்குப்படி, சின் வம்சத்தின் முதல் பேரரசர் நீரையும் கறுப்பு நிறத்தையும் தன் அரசுக்கு உரியதாக ஏற்றார். அரசியலுக்கு வந்த கணக்கு விரைவில் உடம்புக்கும் வந்தது.

அந்த உடம்புக் கணக்கின் மூலநூல் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’. கிறிஸ்து பிறப்பதற்கு ஓரிரு நூற்றாண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்டதாக அறிஞர்கள் கருதும் இந்த நூலில், மஞ்சள் பேரரசர் கேள்வி கேட்க, சி போ முதலான மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள். ‘சூவென்’, ‘லிங்ஷு’ என்று இரண்டு பாகங்கள், ஒவ்வொன்றிலும் 81 அதிகாரங்கள். 2011-ல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நெருப்புக்கு என்று நூல் கட்டும் குடும்பம் பெரியது. திசை தெற்கு. பருவம் கோடை. நிறம் சிவப்பு. சுவை கசப்பு. உறுப்பு இதயம், அதன் வாசல் நாக்கு. உணர்ச்சி மகிழ்ச்சி, ஒலி சிரிப்பு. மற்ற நான்குக்கும் உறுப்புகள் இரண்டிரண்டுதான். நெருப்புக்கு மட்டும் நான்கு: இதயம், சிறுகுடல், இதய உறை, ‘சான்ஜியாவ்’ எனப்படும் மூவெப்பப் பாதை. சூவென் எட்டாம் அதிகாரம் உடம்பை ஓர் அரசாங்கமாகவே வரைகிறது. இதயம் அரசர், தெளிந்த அறிவு அங்கிருந்தே பிறக்கிறது. அரசர் நேரடியாகக் காயப்படக் கூடாது என்பதால் இதய உறை தூதராக முன்னே நிற்கிறது. மகிழ்ச்சியைக் கொண்டுவருவதும் அவரே. சிறுகுடல் வந்ததை வாங்கித் தரம் பிரிக்கும் அதிகாரி. மூவெப்பப் பாதை வாய்க்கால்களைக் கவனிப்பவர்.

அரசர் வேலை செய்யும் நேரம் பகல் 11 முதல் 1 மணி வரை. சீனாவில் மதிய உணவுக்குப் பின் சற்றே கண்ணயரும் பழக்கத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று: உச்சி வேளையில் இதயத்துக்கு ஓய்வு கொடு.

சிறிய தலை, விரைந்த மனம்

மனிதர்களை வகை பிரிக்கும் வேலை லிங்ஷுவின் 64-ம் அதிகாரத்தில் நடக்கிறது. ஐந்து வகை மனிதர்கள். ஒவ்வொரு வகைக்கும் சீன இசையின் ஐந்து சுரங்களில் ஒன்று. நெருப்புக்கு உரிய சுரம் ‘ஜி’. ஒவ்வொன்றும் மறுபடி ஐந்தாகப் பிரிந்து 25 வகையாகிறது.

நெருப்பு மனிதரை அந்த அதிகாரம் தலை முதல் கால் வரை பார்க்கிறது. சிவந்த மேனி. கூரிய முகம், சிறிய தலை. தோளும் முதுகும் தசைப்பிடிப்போடு இருக்கும், கையும் காலும் சிறியவை. பாதம் தரையில் உறுதியாகப் பதியும், ஆனால் நடக்கும்போது உடல் அசையும். பிறகு குணம். மனம் விரைவானது. பணத்தைப் பெரிதாக மதிக்க மாட்டார். நடப்பதைத் தெளிவாகப் பார்ப்பார். அழகை விரும்புவார். அதே மூச்சில் குறைகளும் வருகின்றன: வாக்கை அவ்வளவாக நம்ப முடியாது, கவலை அதிகம், பொறுமை இல்லை. நீண்ட ஆயுள் இல்லை, திடீர் மரணம் நேரலாம்.

படிக்கும்போதே ஒருவர் முகம் நினைவுக்கு வருகிறதல்லவா? கல்யாண வீட்டில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் வேலை ஏவுபவர், சிரிப்புச் சத்தம் தெரு முனை வரை கேட்பவர், யார் கேட்டாலும் பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கவலைப்படுபவர். இந்த வகைப்பாட்டின் ஈர்ப்பு அதுதான்.

ஆனால், அந்த அதிகாரம் அங்கே நிற்கவில்லை. இந்த மனிதர் வசந்தத்தையும் கோடையையும் தாங்குவார், இலையுதிர் காலமும் குளிர்காலமும் வந்தால் நோயில் விழுவார் என்று உடனே தொடர்கிறது. உடல்வாகு ஒன்றும் நிறம் இன்னொன்றுமாக இருப்பவர்கள் 7, 16, 25, 34, 43, 52, 61 ஆகிய வயதுகளில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒன்பது ஒன்பதாகக் கூட்டிக்கொண்டே போகிறது. நெருப்பு வகை என்பது ஒருவரைப் பற்றிய புகழ்ச்சியும் அல்ல, இகழ்ச்சியும் அல்ல. இந்த ஆளுக்கு எந்தப் பருவத்தில் எது வரும், எதை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று மருத்துவர் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு அது. இதை மறந்துவிட்டுப் படித்தால், ராசிபலன் படிப்பதுபோல ஆகிவிடும்.

மருத்துவர் அந்தக் குறிப்பை எப்படிச் சரிபார்ப்பார்? நோயாளியின் இடது மணிக்கட்டைச் சிறிய தலையணையில் மல்லாத்தி வைத்து மூன்று விரல்களை வைப்பார். உள்ளங்கைக்கு மிக அருகில் இருக்கும் ஆள்காட்டி விரலின் கீழ் கேட்பது இதயத்தின் துடிப்பு. அடுத்து நாக்கு. நுனி மட்டும் செக்கச்சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தால் இதய நெருப்பு ஏறியிருக்கிறது என்பது கணிப்பு. தூக்கம் கெட்டதா, வாய்ப்புண் வந்ததா, கனவு அதிகமா என்று கேட்பார். ஊசி போடுவதானால் மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் சிறிய பள்ளத்தைத் தேடுவார். ‘ஷென்மென்’ என்று அதற்குப் பெயர், உயிர் உணர்வின் வாசல். இதயப் பாதையில் இருக்கும் ஒன்பது புள்ளிகளில் ஏழாவது.

நெருப்பு நோயாக மட்டும் அல்ல, மருந்தாகவும் வந்த ஒரு சம்பவம் மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறது. 1156 முதல் 1228 வரை வாழ்ந்த ஜாங் சோங்ஜெங் என்பவர் ஜின், யுவான் வம்சக் காலங்களின் நான்கு பெரும் மருத்துவர்களில் ஒருவர். அவரிடம் ஓர் அதிகாரியின் நோய் வந்தது. தந்தையைக் கொள்ளையர் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி கேட்டு அழுது தீர்த்தவருக்கு நெஞ்சில் வலி தொடங்கியது. ஒரு மாதத்தில் அங்கே கவிழ்த்து வைத்த கோப்பைபோல ஒரு கட்டி. எந்த மருந்தும் கேட்கவில்லை. ஜாங் போனபோது பக்கத்தில் ஒரு மந்திரவாதி பூசை செய்துகொண்டிருந்தார். மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த மந்திரவாதியைப் போலவே ஆடிக் காட்டி, வாய்க்கு வந்ததை உளறி, கோமாளித்தனம் செய்தார். நோயாளி அடக்க முடியாமல் சிரித்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓரிரு நாளில் கட்டி கரைந்தது என்கிறது குறிப்பு. துயரம் உலோகத்துக்கு உரியது, உலோகத்தை நெருப்பு உருக்கும் என்ற கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. கட்டி உண்மையில் என்ன என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதரைச் சிரிக்க வைப்பதையே சிகிச்சையாக எடுத்துக்கொண்ட அந்த மனம் பெரிது.

மருத்துவமனையைத் தாண்டி இந்த நெருப்பு சீனத்தின் அன்றாடப் பேச்சிலேயே எரிகிறது. கோபப்பட்டால் ‘ஃபா ஹுவோ’, நெருப்பை வெளியே விடுதல். மகிழ்ச்சி என்பதற்குப் புழங்கும் சொல் ‘காய்ஷின்’, திறந்த இதயம். ஒரு பாடலோ கடையோ திடீரென்று பிரபலமானால் அது ‘நெருப்பாகிவிட்டது’ என்பார்கள். வாய்ப்புண், முகப்பரு, தொண்டை எரிச்சல் வந்தால் ‘ஷாங் ஹுவோ’, நெருப்பு மேலேறிவிட்டது. நம் வீடுகளில் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுக்கிறோமே, ஏறத்தாழ அதே இடம். எண்ணெயில் பொரித்தது அதிகம் தின்றாலும், இரவு கண் விழித்தாலும் அங்கே பழி நெருப்பின் மேல்தான்.

அதற்குக் குவாங்டாங் மாகாணம் கண்ட மருந்து ‘லியாங்சா’, குளிர்ச்சிக் கஷாயம். 1828-ல் குவாங்ஜோவில் வாங் ஸெபாங் தொடங்கிய கஷாயக் கடையின் பெயர் வாங்லாவ்ஜி. இன்று அது சிவப்பு டின்னில் அடைத்து நாடெங்கும் விற்கும் பானம். நெருப்பு ஏறுமோ என்று பயமா, இதைக் குடி என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். 2006-ல் லியாங்சா சீனாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. வீட்டு வைத்தியம் இன்னும் எளிது. தாமரை விதையைப் பிளந்தால் நடுவில் பச்சையாக ஒரு சிறு முளை இருக்கும். நாக்கில் பட்டாலே கசப்பு. அதை உலர்த்தி வெந்நீரில் போட்டுக் குடித்தால் இதய நெருப்பு தணியும், தூக்கம் வரும் என்பது நம்பிக்கை. கோடையில் பாகற்காயும் பாசிப்பயறு கஞ்சியும் அதே காரணத்துக்காகத்தான் அடுப்பில் ஏறுகின்றன.

கடல் தாண்டிய நெருப்பு

இன்று புத்தகக் கடைகளில் கிடைக்கும் ‘நீங்கள் நெருப்பு மனிதரா?’ வகை எழுத்து பெய்ஜிங்கிலிருந்து நேராக வந்தது அல்ல. அது இங்கிலாந்து வழியாக வந்தது. ஜே.ஆர். வொர்ஸ்லி (1923–2003) லீமிங்டன் ஸ்பா நகரில் நடத்திய கல்லூரி, ஒவ்வொரு மனிதருக்கும் ஐந்தில் ஒன்றே மூலக் காரணம் என்று கற்பித்தது. நிறம், குரல், மணம், உணர்ச்சி ஆகிய நான்கைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நெருப்பு என்றால் முகத்தில் சிவப்பு அல்லது சிவப்பே இல்லாத சாம்பல் வெளுப்பு, பேச்சில் சிரிப்பு, உடம்பில் கருகிய வாடை. அதோடு, மகிழ்ச்சி எப்படி வந்து எப்படி வடிகிறது என்பது. சோகமான விஷயத்தைச் சொல்லும்போதும் குரலில் சிரிப்பு கலந்து வருகிறதா என்று கேட்கப் பழக்குகிறார்கள். 1991-ல் ஹாரியட் பெய்ன்ஃபீல்ட், எஃப்ரெம் கார்ன்கோல்ட் இருவரும் அமெரிக்காவில் எழுதிய நூல் ஐந்துக்கும் ஐந்து ஆளுமைப் பெயர் கொடுத்தது. நெருப்பு மனிதர் அங்கே ‘மாயவித்தைக்காரர்’. மற்றவர்களை வசீகரிப்பவர், தனிமையைத் தாங்காதவர். மேற்கில் வளர்ந்த உளவியல் சீன மருத்துவத்தோடு கைகோத்த இடம் இது.

சீனாவோ வேறு திசையில் போனது. 1956-ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு நகரங்களில் அரசு சீன மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியபோது பாடத்திட்டத்தின் நடுவில் நின்றவை உறுப்புகளும் நோய்க்குறிகளும்தான். ஐந்து இயக்கம் ஓரத்துக்குப் போனது. மனித வகைகளை மறுபடி பேசத் தொடங்கிய பேராசிரியர் வாங் சி, நெருப்பு, நீர் என்ற பெயர்களையே விட்டுவிட்டு ஒன்பது உடல்வாகுகளை வகுத்தார். அதை அளக்க 60 கேள்விகள். கை கால் சில்லிடுகிறதா, எளிதில் களைக்கிறதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா? 2009-ல் அது அங்கே துறைசார் தரநிலையானது. நெருப்பு மனிதரைத் தேடிச் சீன மருத்துவமனைக்குப் போகும் வெளிநாட்டவர் பல நேரம் இந்தக் கேள்வித்தாளைத்தான் கையில் வாங்குகிறார்.

சரி, குணத்துக்கும் இதயத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? நவீன மருத்துவமும் இதே கேள்வியைக் கேட்டது. 1959-ல் சான் ஃபிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோஸன்மேன் இருவரும் ‘டைப் ஏ’ மனிதரை அறிமுகப்படுத்தினார்கள். எப்போதும் அவசரம், போட்டி, பொறுமையின்மை. லிங்ஷு சொன்ன ‘விரைந்த மனம், திடீர் மரணம்’ அமெரிக்க உடையில் வந்ததுபோல இருந்தது. 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. பின்னால் வந்த பல ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. 1988-ல், அதே ஆய்வில் இதய நோய் வந்தவர்களை எடுத்துப் பார்த்தபோது டைப் ஏ ஆட்களே அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. முழு வகைப்பாடும் ஆட்டம் கண்டது. பகைமை உணர்ச்சி, கோபம் போன்ற சில கூறுகள் மட்டும் இன்னும் ஆய்வில் நிற்கின்றன.

அதே நேரம், ஃபான் ஜினின் சிரிப்பை நினைவூட்டும் ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. பெரிய அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை பலூன்போல உப்பித் தற்காலிகமாகச் செயலிழக்கும் ‘டாகோட்சுபோ’ என்ற நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்தார்கள். துக்கச் செய்திதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2016-ல் சூரிச் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சிக் கொந்தளிப்பால் இந்த நோய் வந்த 485 பேரில் 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சியான நிகழ்ச்சி. மகிழ்ச்சி மிகுந்தால் இதயத்தைத் தாக்கும் என்ற சூவென் வரி அந்த 20 பேர் விஷயத்தில் தவறவில்லை. ஆனால், 465 பேருக்குத் துயரமோ மன அழுத்தமோதான் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வகைப்பாடு முத்திரையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு கணக்கு இருக்கிறது. 60 ஆண்டுச் சக்கரத்தில் ஒரு முறை நெருப்பும் குதிரையும் சேர்ந்து வரும். குதிரையும் நெருப்புக்கு உரியதே என்பதால் அது இரட்டை நெருப்பு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனைக் கொல்வாள் என்பது பழைய நம்பிக்கை. 1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 லட்சத்து 24 ஆயிரம். நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் 13 லட்சத்து 61 ஆயிரம். மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. புல்லட் ரயில் ஓடிக்கொண்டிருந்த நாட்டில், பிறக்காத பெண் குழந்தைகளின் குணத்துக்குப் பயந்து நாலரை லட்சத்துக்கும் மேல் பிறப்புகள் குறைந்தன. 2026-ம் ஆண்டும் நெருப்புக் குதிரைதான். லிங்ஷு எழுதிய மருத்துவர் இந்த வகைகளை நோயாளியைக் காப்பாற்றப் பயன்படுத்தினார். பிறந்த தேதியை வைத்து ஒரு பெண்ணை ஒதுக்குவதற்கு அந்த நூலில் எந்த இடமும் இல்லை.

இந்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு மணிக்கட்டின் ‘நெய்குவான்’ புள்ளி உதவுகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அதுவும் நெருப்பின் பாதையில், இதய உறைக்கு உரிய புள்ளிதான். ஆனால், முகச் சிவப்பையும் சிரிப்பையும் பார்த்து ஒருவரின் இதய நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. நெருப்பு மனிதரின் சித்திரம் உங்களுக்குப் பொருந்தினால், இரவு நேரத்தோடு படுங்கள், உச்சி வெயிலில் ஓடுவதைக் குறையுங்கள், பாகற்காயைத் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் மட்டும் நாடியும் நாக்கும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.